சந்தைக்குப் போகும் கௌதி

பெங்களூரில் மார்கழி, தை மாதங்களில் குளிர் அதிகம். விடியற்காலையில் பால் வாங்கப் போகிறவர்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு போவார்கள். வீட்டில் பிள்ளைகள் போர்வையை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள்.

சில வீடுகளில் அந்தப் போர்வை கடையில் வாங்கிய கம்பளி. சில வீடுகளில் அது கௌதி.

கௌதி என்பது கன்னடச் சொல். பழைய துணிகளைச் சேர்த்துக் கையால் தைத்த கனமான ஒட்டுப் போர்வைதான் கௌதி. வடகர்நாடகத்தில் தார்வாட், பெலகாவி, பாகல்கோட், விஜயபுரா பக்கங்களில் இது வீட்டுக்கு வீடு இருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காகப் பெங்களூர் வந்த குடும்பங்கள் கௌதியையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தன.

கௌதியை எப்படித் தைக்கிறார்கள்?

கட்டிக் கட்டி மெலிந்த பருத்திச் சேலைகளை முதலில் துவைத்துக் காயவைக்கிறார்கள். ஒரு சேலையைத் தரையில் விரிக்கிறார்கள். அதன்மேல் இன்னொரு சேலை, அதன்மேல் இன்னொன்று என்று மூன்று நான்கு அடுக்கு வைக்கிறார்கள். மேல் அடுக்கில் ரவிக்கைத் துணி, சட்டைத் துணி, குழந்தையின் பழைய பாவாடைத் துணி என்று சதுரமும் நீளமுமாக வெட்டி ஒட்டு வைக்கிறார்கள். பிறகு நீண்ட ஊசியும் தடித்த நூலும் எடுத்து ஓரத்திலிருந்து தைக்கத் தொடங்குகிறார்கள். ஊசி மேலும் கீழும் போய்வரும் சாதாரண ஓட்டுத் தையல்தான். ஆனால் போர்வை முழுவதும் விரல் அகலத்துக்கு ஒரு வரி ஓட வேண்டும். வரி ஓரத்தைச் சுற்றிச் சுற்றி உள்ளே போய் நடுவில் முடியும். அத்தனை அடுக்கும் ஒரே துணி போல் ஆகிவிடும்.

உத்தர கன்னட மாவட்டத்துக் காட்டுப் பக்கத்தில் சித்தி மக்கள் வாழ்கிறார்கள். இவர்களுடைய முன்னோர் பல நூறு ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். 2003-ஆம் ஆண்டு இவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். சித்திப் பெண்கள் தைக்கும் ஒட்டுப் போர்வைக்குக் கவந்த் என்று பெயர். அதன் நான்கு மூலையிலும் முக்கோணமாக மடித்த சின்னத் துணிகளை வைத்துத் தைப்பார்கள். அதைப் பூ என்கிறார்கள். மூலையில் பூ வைக்காத போர்வை அவர்கள் கண்ணுக்கு ஆடை உடுத்தாத உடம்பு போல.

வங்காளத்தில் இதே வேலைக்குக் காந்தா என்று பெயர். பீகாரில் சுஜனி. மகாராஷ்டிரத்தில் கோதடி. பெயர்தான் வேறு. கந்தலையும் வீணாக்காத பெண்ணின் கை எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

இவற்றுக்குள் இன்னொரு ஒற்றுமையும் உண்டு. இவை எதுவும் விற்பதற்காகப் பிறந்தவை அல்ல. மகள் பிரசவத்துக்கு வந்தால் பேரக் குழந்தைக்கு ஒன்று தைப்பார்கள். மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும்போது ஒன்று கொடுத்து அனுப்புவார்கள். மதியச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, ஓய்ந்த நேரத்தில் தைத்தது. அதற்கு எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று யாரும் கேட்டதில்லை. தைத்தவளும் எண்ணியதில்லை.

சந்தைக்குக் கொண்டுபோனால் அந்தக் கணக்குத்தான் முதலில் வேண்டும்.

துண்டுத் துணி ஊர்

பெங்களூர் ஆயத்த ஆடைத் தொழிலில் பெரிய ஊர். பீன்யா, பொம்மனஹள்ளி, மைசூர் சாலைப் பக்கங்களில் தொழிற்சாலைகள் இருக்கின்றன. அவற்றில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சட்டையும் கால்சட்டையும் வெட்டியது போக மிஞ்சும் துண்டுத் துணிகள் எடை போட்டு விற்பனைக்கு வருகின்றன. பழைய சேலை கிடைக்காதவர்களும் இந்தத் துண்டுகளை வைத்துத் தைக்கலாம்.

தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு வீட்டில் தையல் இயந்திரம் வைத்திருக்கும் பெண்கள் ஏராளம். கர்நாடக அரசு 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய ஸ்த்ரீ சக்தித் திட்டத்தில் ஊர் ஊராகப் பெண்கள் சுய உதவிக் குழுக்கள் ஏற்பட்டன. இப்படிப்பட்ட பெண்கள் பத்துப் பேர் சேர்ந்தால் சந்தையில் ஒரு கடை போட்டுவிடலாம். கோயில் திருவிழா, அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஞாயிற்றுக்கிழமை போடும் கடைகள், கைவினைக் கண்காட்சி என்று இடத்துக்குக் குறைவில்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. குழுப் பெண்கள் முதல் தடவை சந்தைக்குப் போகும்போது தைத்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு போகிறார்கள். பத்து வகைப் பொருள். ஒவ்வொன்றிலும் இரண்டு இரண்டு. ஒரு மேசை. வருகிறவர்களுக்கு எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை. புரட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். சாயங்காலம் பாதிக்கு மேல் திரும்ப வருகிறது. வாங்கிய துணிக்கும் நூலுக்கும் கடன் நிற்கிறது.

எதை எடுத்துப் போவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்ய வேண்டும்.

வருகிறவர் யார்?

பெங்களூர் பசவனகுடியில் பெரிய நந்தி கோயில் இருக்கிறது. அங்கே ஆண்டுதோறும் கடலைக்காய்ப் பரிஷை நடக்கிறது. கன்னட நாட்காட்டிப்படி கார்த்திக மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை அது. சாலை நெடுக நிலக்கடலை குவித்து வைத்திருப்பார்கள். கூட்டம் நெரியும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடலை வாங்குகிறவர் அந்த நெரிசலில் நான்காயிரம் ரூபாய்ப் போர்வையை விரித்துப் பார்ப்பாரா? பார்க்க மாட்டார். ஆனால் கடலையைப் போட்டுக்கொள்ள ஒரு துணிப்பை கண்ணில் பட்டால் வாங்குவார். பிளாஸ்டிக் பைகளைக் கர்நாடக அரசு 2016-ஆம் ஆண்டு மார்ச் மாதம் தடை செய்தது. அதன் பிறகு துணிப்பைக்குத் தேவை கூடியிருக்கிறது.

அடுக்குமாடிக் குடியிருப்பில் கடை போட்டால் கதை வேறு. அங்கே வருகிறவர்கள் வீட்டுச் செருப்போடு இறங்கி வருகிறவர்கள். அவர்கள் வீட்டில் என்ன இருக்கிறதோ அதற்கு ஏற்ற பொருள் வேண்டும். சோபாத் திண்டுக்கு உறை, சாப்பாட்டு மேசைக்கு விரிப்பு, மிக்சிக்கு உறை, டிபன் டப்பா வைக்கும் பை. இங்கே அளவு முக்கியம். திண்டு உறையைப் பலரும் 16 அங்குலச் சதுரமாக வாங்குகிறார்கள். அளவு மிகவும் குறைந்தால் திண்டு உள்ளே போகாது. எவ்வளவு அழகாகத் தைத்திருந்தாலும் அது விற்காது. விற்றாலும் அடுத்த வாரம் திரும்பி வரும்.

கைவினைக் கண்காட்சிக்கு வருகிறவர்கள் கைவேலையைத் தேடி வருகிறவர்கள். பெரிய கௌதிக்கு அதுதான் இடம்.

ஆனால் மற்ற இடங்களுக்கும் ஒரு கௌதியையாவது எடுத்துப் போவது நல்லது. விற்பதற்காக மட்டுமல்ல. அதைக் கடையின் பின்னால் கொடியில் தொங்கவிட்டால் தூரத்தில் வருகிறவர் கண்ணை இழுக்கும். கௌதியைப் பார்க்க வருகிறவர் பையை வாங்கிப் போவார். வடகர்நாடகத்துக்காரர் யாராவது நின்று, "எங்கள் அம்மா இப்படித்தான் தைப்பாள்" என்று பேச்சுக் கொடுப்பார். பேச்சு வந்தால் வியாபாரம் பின்னால் வரும்.

முதல் நாள் சாயங்காலம்

சந்தைக்கு இரண்டு நாள் முன்னால் எல்லாப் பொருள்களையும் பாயில் பரப்பிப் பார்க்க வேண்டும். குழுவில் எல்லோரும் உட்கார வேண்டும். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துச் சோதிக்க வேண்டும்.

சாயம் போகிறதா? வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, பொருளின்மேல் அழுத்தித் தேய்த்தால் தெரிந்துவிடும். சிவப்பும் கருநீலமும்தான் பெரும்பாலும் காலை வாரும். சாயம் இறங்கும் ஒரு சிவப்புத் துண்டு போதும். முதல் துவையலில் கௌதி முழுவதும் கெட்டுவிடும். துண்டு வைக்கும் முன்பே இதைச் சோதித்திருந்தால் இருபது நாள் உழைப்பு தப்பியிருக்கும்.

துணி சுருங்குமா? புதுப் பருத்தித் துணி முதல் தடவை நனைந்தால் சுருங்கும். பழைய சேலை சுருங்காது. இரண்டையும் சேர்த்துத் தைத்தால் துவைத்தபின் ஒரு பக்கம் மட்டும் இழுத்துக்கொண்டு நெளியும். அதனால் புதுத் துணியை வெட்டும் முன்பே இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பது வழக்கம்.

பையின் காது தாங்குமா? ஐந்து கிலோ அரிசியைப் பையில் போட்டு இரவு முழுவதும் ஆணியில் தொங்கவிட வேண்டும். காலையில் தையல் வாய் பிளந்திருந்தால் அந்தப் பை சந்தைக்குப் போகக்கூடாது. காதைத் தைக்கும்போது சதுரமாக ஒரு தையலும், அதற்குள் குறுக்கே பெருக்கல் குறி போல ஒரு தையலும் போட்டால் தாங்கும்.

கரித்துணியில் மட்டும் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். அடுப்பிலிருந்து சூடான பாத்திரத்தை இறக்கப் பிடிக்கும் துணிதான் அது. சந்தையில் நன்றாக விற்கும். சிறியது, விலை குறைவு, எல்லா வீட்டிலும் வேண்டும். ஆனால் தொழிற்சாலைத் துண்டுகளில் பருத்தியும் இருக்கும், பாலியெஸ்டரும் இருக்கும். பார்வைக்கு ஒன்று போலவே தெரியும். பாலியெஸ்டர் சூட்டில் உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும். கொதிக்கும் குழம்புச் சட்டியைப் பிடித்த கையில் அப்படி ஒட்டினால் என்ன ஆகும்? சட்டி கீழே விழும். பக்கத்தில் குழந்தை நிற்கலாம்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. துணியிலிருந்து நான்கு இழையை உருவ வேண்டும். வெட்டவெளியில், ஓர் இரும்புத் தட்டின்மேல், இடுக்கியால் பிடித்துக்கொண்டு தீ வைக்க வேண்டும். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாடை வரும், சாம்பல் உதிரும். பாலியெஸ்டர் என்றால் சுருண்டு உருகும். பிளாஸ்டிக் வாடை வரும். ஆறியபின் கடுகு போல் கெட்டியாக ஒரு மணி நிற்கும். அந்தத் துணி பைக்கு ஆகும். கரித்துணிக்கு ஆகாது. உள்ளே வைக்கும் அடைப்பும் பருத்தியாகவே இருக்க வேண்டும்.

தொட்டில் கௌதியில் பாசிமணி, பொத்தான், கண்ணாடிச் சில்லு எதுவும் வைக்கக் கூடாது. குழந்தை பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும். பச்சைக் குழந்தைக்குக் கௌதியைக் கீழே விரிக்க வேண்டும்; முகத்தை மூடும்படி மேலே போர்த்தக் கூடாது. வாங்குகிறவரிடம் இதையும் சொல்லிவிட வேண்டும்.

பொருளைச் சோதிப்பதைவிடக் கடினமான வேலை ஒன்று உண்டு. ஒரு குழுவில் எல்லோர் கையும் ஒன்று போல் இருக்காது. ஒருத்தியின் தையல் முத்துக் கோத்தது போல் இருக்கும். இன்னொருத்தியின் தையல் ஓடித் திரியும். அவளும் மாதம் தவறாமல் சந்தா கட்டுகிறவள். அவள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். "உன் பை வேண்டாம்" என்று எப்படிச் சொல்வது?

பல குழுக்கள் இந்த இடத்தில் வாயை மூடிக்கொள்கின்றன. எல்லாவற்றையும் எடுத்துப் போகின்றன. சந்தையில் வாங்குகிறவர் மோசமான பையைத்தான் முதலில் எடுக்கிறார். அதை வைத்து எல்லாப் பைகளையும் எடை போடுகிறார். பாதி விலைக்குக் கொடுத்துவிடலாம் என்று அதைத் தனியாக வைத்தாலும் ஆபத்துதான். பாதி விலைப் பை பக்கத்தில் இருந்தால் முழு விலைப் பை விற்காது.

குறை சொல்வதற்குப் பதிலாக வேலையை மாற்றிக் கொடுப்பதே வழி. தையல் வராதவளுக்குத் துணியைத் தேர்ந்து வெட்டும் கண் இருக்கலாம். விலை பேசும் வாய் இருக்கலாம். ஓடித் திரிந்த தையலை மட்டும் பிரித்து மறுபடி போட்டால் அந்தப் பையே அடுத்த சந்தைக்கு ஆகும். ஒவ்வொரு பொருளின் உள்பக்கத்திலும் தைத்தவரின் எண்ணை நூலால் போட்டுவிட வேண்டும். யார் தைத்தது, எவ்வளவுக்குப் போனது என்று நோட்டில் எழுதிவிட்டால் பிறகு சண்டைக்கு இடமில்லை.

கடல் கடந்த ஊரில்

அமெரிக்காவில் அலபாமா என்ற மாநிலம் இருக்கிறது. அங்கே ஜீஸ் பெண்ட் என்று ஆற்று வளைவில் ஒரு கிராமம். அங்கே வாழ்கிறவர்கள் கறுப்பின மக்கள். பருத்திக் காட்டில் அடிமைகளாக இருந்தவர்களின் வழி வந்தவர்கள். அந்தப் பெண்களும் பழைய வேலை உடுப்புகளைக் கிழித்து ஒட்டுப் போர்வை தைத்தார்கள். குளிருக்குத்தான் தைத்தார்கள், விற்பதற்கு அல்ல.

1960-களில் கறுப்பின மக்கள் வாக்குரிமைக்காகப் போராடினார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்ததற்காகச் சிலர் குடியிருந்த வீட்டையும் வேலையையும் இழந்தார்கள். அப்போது அந்தப் பக்கம் வந்த ஒரு பாதிரியார் கொடியில் காய்ந்த போர்வைகளைப் பார்த்தார். ஒன்று 10 டாலர் கொடுத்து வாங்கினார். நியூயார்க் நகரில் ஏலம் விட்டார். 1966-ஆம் ஆண்டு பெண்கள் ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். ஃப்ரீடம் குவில்டிங் பீ என்பது அதன் பெயர். சுதந்திரப் போர்வைத் தையல் சங்கம் என்று அதைச் சொல்லலாம்.

பெரிய கடைகள் போர்வை கேட்டன. ஆனால் எல்லாம் ஒரே அளவில், ஒரே நிறத்தில், ஒரே மாதிரி வேண்டும் என்றன. கை போன போக்கில் துணி சேர்த்துப் பழகிய பெண்களுக்கு அது சிரமமாக இருந்தது. போர்வை தைக்க நாளும் அதிகம் ஆயிற்று. 1972-ஆம் ஆண்டு சியர்ஸ் என்ற பெரிய நிறுவனம் தலையணை உறை தைக்கச் சொன்னது. கார்டுராய் என்னும் வரி வரியான தடித்த துணியில் உறை. அதில் கலை ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் பல ஆண்டுகள் தொடர்ந்து கூலி கிடைத்தது. சங்கம் அதனால் நின்றது.

அந்த உறை வெட்டிய மிச்சத் துண்டுகளைப் பெண்கள் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். அவற்றில் தங்கள் மனம்போலப் போர்வை தைத்தார்கள். ஜீஸ் பெண்ட் போர்வைகள் 2002-ஆம் ஆண்டு ஹூஸ்டன், நியூயார்க் நகர அருங்காட்சியகங்களில் சுவரில் மாட்டிவைக்கப்பட்டன. மக்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். கார்டுராய்ப் போர்வைகளும் அங்கே இருந்தன.

நம் பக்கத்திலும் இப்படி வழி கண்டவர்கள் உண்டு. பல்லாரி மாவட்டத்தில் சண்டூர் என்ற ஊர் இருக்கிறது. லம்பாணிப் பெண்களின் பூவேலைக்குப் பேர்போன ஊர். சண்டூர் லம்பாணிப் பூவேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வேறு ஊரில் செய்ததை அந்தப் பெயரில் விற்க முடியாது. 2023-ஆம் ஆண்டு ஜூலையில் ஹம்பியில் ஜி-20 நாடுகளின் கூட்டம் நடந்தது. அப்போது சண்டூர் குசல கலா கேந்திரத்துப் பெண்கள் 450-க்கும் மேற்பட்டோரின் கைவேலை அங்கே வைக்கப்பட்டது. மொத்தம் 1,755 பொருள்கள். அது கின்னஸ் சாதனையாகப் பதிவாயிற்று.

தமிழ்நாட்டில் தர்மபுரி மாவட்டத்துச் சித்தேரி மலைப் பக்கம் சித்திலிங்கி என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே வாழும் லம்பாடிப் பெண்கள் பூவேலையை மறந்தே போயிருந்தார்கள். வயதான பாட்டிமார் ஒரு சிலருக்குத்தான் அது தெரிந்திருந்தது. 2006-ஆம் ஆண்டு அவர்களிடம் இளம்பெண்கள் கற்றுக்கொண்டார்கள். போர்கை என்ற பெயரில் சங்கமாகச் சேர்ந்தார்கள். லம்பாடி மொழியில் அதற்குப் பெருமை என்று பொருள். பாட்டிமார் பாவாடையில் போட்ட பூவைப் பேத்திமார் பையிலும் திண்டு உறையிலும் போட்டார்கள். பாவாடையையே சந்தைக்குக் கொண்டுபோயிருந்தால் எத்தனை பேர் வாங்கியிருப்பார்கள்?

மணிக் கணக்கு

ஒரு கௌதிக்கு விலை வைப்பது எப்படி? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் ஊருக்கு ஊர் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

குழு தன் கைவேலைக்கு மணிக்கு 60 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறது.

கரித்துணி ஒரு ஜோடி தைக்க அரை மணி ஆகிறது. கூலி 30 ரூபாய். துணியும் நூலும் 15 ரூபாய்.

துணிப்பைக்கு ஒன்றரை மணி. கூலி 90 ரூபாய். துணி, நூல் 50 ரூபாய்.

தொட்டில் கௌதிக்குப் 12 மணி. கூலி 720 ரூபாய். நூலும் மேல்துணியும் 80 ரூபாய்.

பெரிய கௌதிக்கு 60 மணி. தினம் மூன்று மணி உட்கார்ந்தால் 20 நாள். கூலி 3,600 ரூபாய். நூல், துணி 400 ரூபாய்.

இதோடு சந்தைச் செலவும் சேர வேண்டும். கடை வாடகை 600 ரூபாய். ஆட்டோ 200 ரூபாய். இரண்டு பேர் சாப்பாடு, காபி 100 ரூபாய். மொத்தம் 900 ரூபாய். அன்றைக்கு 60 பொருள் விற்கும் என்றால் ஒரு பொருள்மேல் 15 ரூபாய் விழும்.

அப்படியானால் கரித்துணி ஜோடி 60 ரூபாய். பை 155 ரூபாய். சில்லறைத் தொல்லை வராமல் 160 என்று வைக்கலாம். தொட்டில் கௌதி 815. அதை 820 ஆக்கலாம். பெரிய கௌதி 4,015 ரூபாய்.

சந்தையில் 30 ஜோடி கரித்துணியும் 25 பையும் 5 தொட்டில் கௌதியும் விற்றால் கைக்கு வருவது 9,900 ரூபாய். துணி, நூல் செலவு 2,100. சந்தைச் செலவு 900. கூலி 6,750. மீதி 150 ரூபாய் குழுவின் பெட்டிக்கு.

பெரிய கௌதி ஒன்றுகூட விற்காவிட்டாலும் அன்றைக்கு நஷ்டமில்லை. இப்படி இருந்தால்தான் பெரிய கௌதியை அவசரத்துக்குக் குறைந்த விலையில் தள்ளிவிட வேண்டிய நிலை வராது.

ஏனென்றால் சாயங்காலம் ஆறு மணிக்கு யாராவது வந்து கேட்பார்.

"என்னக்கா, பழைய சேலைக்கு நாலாயிரமா? ஆயிரத்து இருநூறு தரேன். குடுங்க."

வீட்டு வாடகை நினைவு வரும். கை தானாகவே கௌதியை மடிக்கப் போகும். 1,200 ரூபாயில் நூலுக்கும் துணிக்கும் 400 போனால் மிச்சம் 800. அதை 60 மணிக்கு வகுத்தால் மணிக்குப் 13 ரூபாய் சொச்சம். அதற்கு 20 நாள் முதுகு வளைந்திருக்க வேண்டும். கண் எரிந்திருக்க வேண்டும். கணக்குத் தெரிந்தவள் இப்படிச் சொல்வாள்:

"சேலை பழசுதாம்மா. தையல் பழசில்லை. இருபது நாள் கையால தைச்சது. எண்ணூத்திருபதுக்குச் சின்னது இருக்கு, பாருங்க."

வாங்காமல் போகிறவர்களும் உண்டு. சின்னதை வாங்கிப் போகிறவர்களும் உண்டு.

விலையைச் சீட்டில் எழுதிப் பொருளோடு சேர்த்துக் குத்திவிட்டால் பேரம் பாதி குறையும். பெங்களூர்ச் சந்தையில் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, இந்தி என்று எல்லாம் கேட்கும். எண் எல்லோருக்கும் புரியும். சீட்டின் பின்பக்கத்தில் இரண்டு வரி எழுதலாம்: தனியாகத் துவைக்கவும், நிழலில் உலர்த்தவும். இயந்திரத்தில் தைத்ததைக் கையால் தைத்தது என்று எழுதக் கூடாது. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஓரம் இயந்திரத்தில் அடித்தது, நடுவில் கைத்தையல் என்றால் அப்படியே சொல்வதில் வெட்கம் இல்லை.

கடையில் இருவரில் ஒருவர் நோட்டுப் புத்தகம் வைத்திருப்பது நல்லது. பக்கத்தை மூன்றாகப் பிரித்து, விற்றது, விற்காதது, கேட்டது என்று எழுதினால் போதும். மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். "இதே பை தோளில் மாட்ட நீளமான காதோடு இருக்கா?" என்று நான்கு பேர் கேட்டிருப்பார்கள். வீட்டுக்கு வந்தபின் அது நினைவிருக்காது. எழுதி வைத்திருந்தால் அடுத்த சந்தைக்கு நீளக் காதுப் பை பத்து இருக்கும். யாரும் தொடாத மிக்சி உறை இருக்காது.

விற்காமல் திரும்பிய கௌதியை அப்படியே மூட்டையில் போட்டு வைக்கக் கூடாது. சந்தைத் தூசி போக உதறி, இளவெயிலில் அரை நாள் போட வேண்டும். நன்றாக ஆறியபின் காய்ந்த வேப்பிலையோடு பழைய பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் வைத்தால் மழைக்காலத்தில் உள்ளே ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும். மாதம் ஒரு தடவை எடுத்து வேறு மாதிரி மடித்து வைக்க வேண்டும். மடிப்பு ஒரே இடத்தில் விழுந்தால் துணி அங்கேதான் முதலில் இற்றுப்போகும்.